அந்த ரெண்டு கோட்டுச் சிலந்தி யாரையும் கொல்லலைங்க: எங்க குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் ஐயாவுக்கும், செக்ரட்டரி மேடத்துக்கும், கமிட்டில இருக்கற மத்த எல்லாருக்கும்,

போன வாரம் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல நீங்க போட்ட சர்க்குலரைப் பத்தி தான் இது. விஷச் சிலந்தி நடமாட்டம் இருக்குன்னு காரணம் சொல்லி, மாசாமாசம் காம்பவுண்டு பூரா மருந்து அடிக்கறதுன்னும், பி பிளாக்குக்கு பின்னாடி சுவரோரம் இருக்கற செம்பருத்தி, நந்தியாவட்டை, வாழை, கொடி எல்லாத்தையும் வேரோட எடுத்துட்டு பேவர் பிளாக் போடறதுன்னும் முடிவு பண்ணியிருக்கீங்க. முதல் ரவுண்டு மருந்தும் அடிச்சு முடிச்சாச்சு. மீட்டிங் வச்சது வேலை நாள்ல, பகல்ல, எங்கள்ல பாதிப் பேர் ஆபீஸ்ல இருந்தோம். அப்புறமா குரூப்ல நான் கேட்டதுக்கு "சேஃப்டி ஃபர்ஸ்ட் மேடம்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. சேஃப்டி தான் எனக்கும் வேணும், எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, அவளும் அந்த செடிக்கு பக்கத்துல தான் சைக்கிள் ஓட்டறா, அதனால தான் வாயை மூடிட்டு இருக்க முடியாம எல்லாரும் படிக்கற மாதிரி இதை எழுதறேன்.

முதல்ல அந்த ஃபார்வர்ட் மெசேஜுக்கு வரேன், ஏன்னா இந்த முடிவுக்கு ஆதாரம்னு மீட்டிங்ல காட்டினது அது ஒண்ணு தான்னு போயிருந்தவங்க சொன்னாங்க. டாய்லெட் சீட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், கடிச்சா காய்ச்சல், வாந்தி, அப்புறம் கை கால் வராம போயி உயிரே போயிடும், உக்கார்றதுக்கு முன்னாடி சீட்டைத் தூக்கிப் பாருங்க, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்புங்கன்னு இருக்கு, கீழ வெளிறின மஞ்சள் உடம்புல ரெண்டு சிவப்புக் கோடு போட்ட ஒரு சிலந்தி போட்டோ. இந்தக் கதை நம்ம ஊர்ல நேத்து நடந்தது இல்லைங்க. 1999-ல அமெரிக்காவுல ஈமெயிலா கிளம்பினது. அப்ப அதுல தென் அமெரிக்காவுல இருந்து வந்த சிலந்தின்னு ஒரு பேரு போட்டிருந்தாங்க, அப்படி ஒரு சிலந்தி உலகத்துலயே கிடையாது. சிகாகோவுல மூணு பொம்பளைங்க செத்துட்டாங்கன்னு எழுதி, இல்லாத ஒரு ஏர்போர்ட்டு பேரு, இல்லாத ஒரு மருத்துவ சங்கத்தோட பத்திரிகை பேரு எல்லாம் சேர்த்திருந்தாங்க. விமானத்துல இருக்கற டாய்லெட்டை எல்லாம் செக் பண்ணச் சொல்லி உத்தரவு போட்டதா ஒரு அரசு போர்டு பேரும் அதுல வரும், அமெரிக்காவுல கிட்டத்தட்ட அந்த மாதிரி பேர்ல நிஜமா இருந்தது சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு, அதை 1985 ஆரம்பத்துலயே கலைச்சுட்டாங்க. மூடி பதினாலு வருஷம் ஆன ஆபீஸ் எப்படிங்க உத்தரவு போடும்?

அப்புறம் 2002 வாக்குல யாரோ அதையே எடுத்து ஊரை ஃப்ளோரிடாவுக்கு மாத்தி, விமானம் எல்லாம் இந்தியாவுல இருந்து வந்ததுன்னு மாத்தி, கற்பனைப் பேர் இருந்த இடத்துல நிஜமா இருக்கற ஒரு சிலந்தியோட பேரை சொருகிட்டாங்க. டெலமோனியா டிமிடியேட்டா, அந்த போட்டோல இருக்கற ரெண்டு கோட்டுச் சிலந்தி தான். அன்னைக்குல இருந்து இந்தப் பூச்சி மேல கொலைப்பழி. இத்தனை வருஷம் கழிச்சு அது தமிழ்ல வந்து, கோயம்புத்தூர்ல மருதமலை பாக்கற மாதிரி இருக்கற நம்ம அபார்ட்மென்ட்டுல ஒரு தோட்டத்தையே அழிக்க வைக்குது.

அந்த பயம் சும்மா முளைச்சதில்லைன்னு நான் ஒத்துக்கறேன். அந்தக் காலத்துல அமெரிக்காவுல வீட்டுக்கு வெளிய மரத்துல கட்டின கக்கூஸ்ல பிளாக் விடோங்கற சிலந்தி நிஜமாவே பலகைக்கு அடியில வலை பின்னி இருந்து கடிச்சிருக்கு, ஆஸ்திரேலியாவுலயும் ரெட்பேக்னு அதே குடும்பத்து சிலந்தியால இப்படி நடந்திருக்கு. ஆனா அதெல்லாம் இருட்டுல வலை கட்டி காத்துக் கிடக்கற ஜாதி. நம்ம ரெண்டு கோட்டுக்காரி வலை கட்டி வேட்டையாடறதே இல்ல. பகல்ல, வெளிச்சத்துல, கண்ணால பாத்து பாத்து இரை பிடிக்கற குதிக்கும் சிலந்தி அது. இருட்டா, ஈரமா, பினாயில் நாத்தத்தோட இருக்கற டாய்லெட் சீட்டு அடியில அதுக்கு என்னங்க வேலை?

இந்தச் சிலந்தியை நீங்க யாராவது கிட்ட போய் பாத்தீங்களான்னு எனக்குத் தெரியல. நான் பாத்திருக்கேன், பி பிளாக் பின்னாடி அந்தச் செம்பருத்தில, மழை விட்ட காலைல போனா இருக்கும். பொண் சிலந்தி ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு தான் இருக்கும், ஆண் அதை விட கொஞ்சம் சின்னது. பொண்ணுக்கு வெளிறின மஞ்சள் உடம்பு, பின்பக்கம் நீளவாக்குல ரெண்டு சிவப்புக் கோடு, தலைப்பக்கம் வெள்ளை, அந்த வெள்ளைல கருப்புக் கண்ணு, கண்ணைச் சுத்தி சிவப்பு. ஆணைப் பாத்தா வேற ஏதோ ஜாதியோன்னு தோணும், நல்ல கருப்பு, அங்கங்க வெள்ளை, கண்ணுக்கு சுத்தி மட்டும் சிவப்பு முடி. யூஜின் சிமோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1899-ல இதை விவரிச்சு எழுதியிருக்காரு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், இந்தோனேசியான்னு நம்ம பக்கத்து வெப்ப நாடுங்கள்ல செடி இலை மேல வாழற உயிர். இங்க புதுசா வந்து குடியேறினது இல்ல, நம்ம பில்டர் அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடில இருந்தே இந்த மலையடிவாரத்துல இருக்கறது தான்.

ஒரு நாள் அது வேட்டையாடறதை நின்னு பாத்தேன். இலை நுனியில ஒரு சின்ன ஈ வந்து உக்காந்துச்சு. சிலந்தி மொத்த உடம்பையும் மெதுவா அந்தப் பக்கம் திருப்புச்சு. அப்புறம் அப்படியே நின்னுடுச்சு, ரொம்ப நேரம். கிட்ட போனை வச்சு ஜூம் பண்ணா அந்த முன்பக்கத்து ரெண்டு பெரிய கண்ணுக்குள்ள கருப்பு மட்டும் இடமும் வலமும் நகருது, கண்ணு ஆடவே இல்ல. அதுங்களுக்கு கண்ணோட லென்ஸ் உடம்போட ஒட்டினது, அசைக்க முடியாது, உள்ள இருக்கற குழல் தான் அசையும், அந்தக் குழலோட அடியில இருக்கற விழித்திரையை அப்படி அங்க இங்க நகர்த்தி தான் எதிர்ல இருக்கறதை கொஞ்சம் கொஞ்சமா பாத்து முடிக்கும். எட்டு கண்ணு இருக்கு, மத்த ஆறும் சுத்துமுத்தும் என்ன அசையுதுன்னு கவனிக்கறதுக்கு. இதே குடும்பத்துல நம்ம வீட்டு சுவத்துல எல்லாம் ஓடற ஒரு ஜாதியை வச்சு ஜப்பான்காரங்க ஆராய்ச்சி பண்ணி, விழித்திரை அடுக்கடுக்கா இருக்கறதால ஒரு அடுக்குல உருவம் எவ்வளவு மங்கலா விழுதுங்கறதை வச்சே அது தூரத்தைக் கணக்குப் போடுதுன்னு 2012-ல கண்டுபிடிச்சாங்க. அவ்வளவு கணக்குப் போட்டுட்டு தான் குதிக்கும். குதிக்கறதுக்கு முன்னாடி வால்பக்கத்தை இலைல ஒரு தட்டு தட்டும், நூலை ஒட்டிக்கறதுக்கு. தவறி விழுந்தா அந்த நூல்ல தொங்கிட்டு மேல ஏறி வந்துடும். வெட்டுக்கிளி மாதிரி பெரிய தொடை கிடையாது அதுக்கு, உடம்புக்குள்ள இருக்கற ரத்தத்தோட அழுத்தத்தை காலுக்குள்ள ஏத்தி காலை விருட்டுனு நீட்டும், அதுல கிளம்பற வேகம். அன்னைக்கு ஈ தப்பிக்கல.

எனக்கு இது பிடிக்கும், மறைக்கல. ஆனா எனக்குப் பிடிக்கும்ங்கறதுக்காக தோட்டத்தை விடுங்கன்னு கேக்கல. உலகத்துல குதிக்கும் சிலந்திகள்ல 6000-க்கும் மேல ஜாதி இருக்கு, சிலந்திக் குடும்பங்கள்லயே பெருசு இது தான், இத்தனைல மனுஷனைக் கொல்ற ஜாதின்னு ஒண்ணு கூட கிடையாது. கையில வச்சு நசுக்கினா ஏதாவது ஒண்ணு கடிக்கலாம், அது ஒரு எறும்புக் கடி அளவுக்கு வலிச்சுட்டு போயிடும். அவ்வளவு தான் இந்த விஷச் சிலந்தி நடமாட்டம்.

இப்ப மூணாவது மாடி குட்டிப் பையனோட கொப்புளத்துக்கு வரேன். அந்தப் பிள்ளையோட கழுத்துல கோடு கோடா சிவந்து, எரிஞ்சு, நீர் கோத்துக்கிட்ட போட்டோவை குரூப்ல பாத்தப்ப எனக்கும் வயிறு கலங்குச்சு. அவங்க அம்மா பயந்ததுல ஒரு தப்பும் இல்ல. ஆனா "சிலந்தி கடிச்சிருக்கு"ன்னு முடிவு பண்ணது யாருங்க? எந்த டாக்டரும் சொன்னதா அவங்க எழுதல. எங்க பொண்ணுக்கு போன மழை சீசன்ல அச்சு அசலா இதே தான் வந்துச்சு, கழுத்துல ஒரு கோடு, முழங்கை மடிப்புல மேலயும் கீழயும் ஒண்ணுக்கொண்ணு எதிர்ல ரெண்டு திட்டு. எங்க அத்தை கூட எட்டுக்கால் பூச்சி ஏறியிருக்கும், அக்கி எழுதிட்டு வந்துடலாம்னு தான் சொன்னாங்க. தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனோம். அவர் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி, ராத்திரி கட்டிலுக்கு மேல லைட் எரியுதா, ஜன்னலுக்கு வலை இருக்கா.

அது ஒரு வண்டு வேலைங்க. எறும்பு மாதிரி நீளமா, ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, ஆரஞ்சும் கருப்பும் மாறி மாறி, நடுவுல கருநீலமா பளபளன்னு குட்டி இறக்கை மூடி. மழைக்காலத்துல லைட்டுக்கு வரும். கடிக்காது, கொட்டாது. நம்ம மேல ஊர்றப்ப தூக்கக் கலக்கத்துல கையால தேச்சு நசுக்கிடுவோம், அப்ப அது உடம்புல இருந்து பெடரின்னு ஒரு விஷம் தோல்ல பட்டு இழுபடும், அதான் கோடு. மடிப்புல பட்டா எதிர்ப்பக்கமும் ஒட்டிக்கும், அதான் ஜோடித் திட்டு. இதுல ஏமாத்தற விஷயம் என்னன்னா பட்ட உடனே ஒண்ணும் தெரியாது, அடுத்த நாள் வாக்குல தான் எரிய ஆரம்பிக்கும், அதுக்குள்ள வண்டு போயிருக்கும், சுவத்துல நிக்கற சிலந்தி கண்ணுல படும், பழி அது மேல விழும். 2022 ஜூலைல சிக்கிம்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல நூறு பேர் கிட்டத்தட்ட ஸ்டூடண்ட்ஸுக்கு இப்படி ஆகி நைரோபி ஃப்ளைன்னு டிவில எல்லாம் ஓடுச்சே, அது இந்த வண்டுக் குடும்பம் தான். எங்க வீட்டுல அதுக்கப்புறம் செஞ்சது, ஜன்னலுக்கு வலை அடிச்சோம், கட்டிலை லைட்டுக்கு நேர் கீழ இருந்து நகர்த்தினோம், மேல ஊர்ந்தா நசுக்காம ஊதி விட்டுட்டு சோப்பு போட்டு கழுவணும்னு பொண்ணுக்கு சொல்லிக் குடுத்தோம். திரும்ப வரல.

நம்ம பிளாக்குல என்ன நிலைமைன்னு பாருங்க. போன வருஷம் அழகுக்குன்னு சுவரோரம் பூரா வெள்ளை ஃப்ளட் லைட்டு போட்டீங்க, விடிய விடிய எரியுது, பெட்ரூம் ஜன்னலுக்கு நேர் எதிர்ல. அந்த மூணாவது மாடி வீட்டுக்கும் அது நேரா அடிக்குது. வண்டை நாமளே வெத்தலை பாக்கு வச்சு கூப்பிட்டுட்டு, பழியை செம்பருத்தி மேல போட்டு வெட்டறது என்ன நியாயம்?

சரி, அடிச்ச மருந்து என்ன செஞ்சுது? மறுநாள் காலைல நான் போய் பாத்தேன். நந்தியாவட்டைக்கு அடியில தேனீங்க செத்தும் சாகாமலும் மல்லாந்து காலை உதறிட்டு கிடந்துச்சு. ஏ பிளாக் ஆன்ட்டி தாமரைத் தொட்டியில வளர்த்த கப்பி மீன் எல்லாம் செத்து மிதந்துச்சு, கொசு முட்டை வைக்கக் கூடாதுன்னு அவங்க பாத்து பாத்து விட்டிருந்த மீனு அது. இந்த வகை மருந்து தண்ணில கலந்தா மீனுக்கு கொஞ்சமும் தாங்காது, பூனைக்கும் ஆகாது, கீழ பார்க்கிங்ல குட்டி போட்டிருக்கற பூனையை நம்ம பிள்ளைங்க தான் தூக்கிட்டுத் திரியுதுங்க. சுவரோரத்து மழைத்தண்ணி எல்லாம் நேரா நம்ம மழைநீர் சேகரிப்புக் குழிக்கு தான் போகுது, அதுக்கு பக்கத்துல தான் போர்வெல். கொசு குறைஞ்சுதா? குறையல, மாலைல முந்தி மாதிரியே தான் கடிக்குது, ஏன்னா டெங்கு கொசு பெரும்பாலும் செடில முட்டை வைக்காது, மூடி சரியில்லாத சம்ப்புலயும் பூந்தொட்டி தட்டுலயும் மொட்டை மாடில போட்டு வச்ச பழைய டயர்லயும் நிக்கற தண்ணில தான் வைக்கும். செடி மேல உக்கார்ற கொசுவையும் குட்டி ஈயையும் பிடிச்சுட்டு இருந்தது யாருன்னா அந்த சிலந்திங்க தான். உலகம் பூரா இருக்கற சிலந்தி எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 40 கோடில இருந்து 80 கோடி டன் வரைக்கும் இரை தின்னுதுன்னு 2017-ல ஒரு கணக்கு வந்துச்சு, அதுல பெரும்பாலும் பூச்சி தான். ஆப்பிரிக்காவுல விக்டோரியா ஏரி பக்கம் ஒரு குதிக்கும் சிலந்தி இருக்கு, அது ரத்தம் குடிச்ச கொசுவையே தேடித் தேடி பிடிக்கும், மலேரியா கொசுன்னா இன்னும் இஷ்டம், அதையும் எழுதி வச்சிருக்காங்க.

மருந்து அடிச்சா பூச்சி கூடும்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, ஆனா எங்க வீட்டுல எல்லாருக்கும் அது தெரியும். எங்க அப்பா கோபி பக்கம் வாய்க்கால் பாசனத்துல நெல்லு போட்டவரு. புகையான்னு நெல்லுத் தூருல சாறு உறிஞ்சற ஒரு பூச்சி, அது விழுந்த வயலைப் பாத்திருக்கீங்களா? நல்லா பச்சையா இருக்கற வயல்ல நடுநடுவுல வட்டம் வட்டமா தீ வச்ச மாதிரி காஞ்சு போயிடும். ஒரு போகம் பக்கத்து வயக்காரர் பயந்துட்டு சைபர்மெத்ரின்ங்கற பூச்சிமருந்தை திரும்பத் திரும்ப அடிச்சாரு, அடிக்க அடிக்க புகையான் ஏறுச்சு, மொத்த வயலும் படுத்துடுச்சு. எங்க அப்பாவை வேளாண்மை ஆபீசர் பயிரை விலக்கி தூருல பாக்கச் சொன்னாரு, அங்க சிலந்தி ஓடுச்சு, இது இருக்கற வரைக்கும் அவசரப்பட்டு அடிக்காதீங்க, இது நம்ம ஆளுன்னாரு. புகையான் வேகமா பெருகற ஜாதி, அதைத் தின்ற சிலந்தி மெதுவா பெருகற ஜாதி, மருந்து ரெண்டையும் கொல்லும், ஆனா திரும்பி முதல்ல வர்றது புகையான் தான், அதைத் தடுக்க அப்ப ஆளே இருக்காது. புகையானுக்கு சைபர்மெத்ரின் மாதிரி செயற்கை பைரித்ராய்டு வகை மருந்து அடிக்காதீங்க, பெருகிடும்னு நம்ம வேளாண் பல்கலைக்கழகமே விவசாயிங்களுக்கு சொல்றது. இந்தோனேசியாவுல இதே பிரச்சனைல நாடே சோத்துக்கு தவிக்கற நிலைமை வந்துடும்னு பயந்து 1986-ல நெல்லுக்கு அடிக்கற 57 மருந்தை ஒரே உத்தரவுல தடை பண்ணாங்க. இந்தச் சிலந்தி வாழற அதே நாடு தான் அது. கொப்புளம் போடுதுன்னு சொன்னேனே அந்த வண்டு கூட வயல்ல புகையானைத் தின்ற வண்டு தான், லைட்டைப் போட்டு படுக்கைக்கு கூட்டிட்டு வந்தா தான் அது தொந்தரவு.

நம்ம காம்பவுண்டுல அடிச்ச கேனை நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். சைபர்மெத்ரின் தான், வயலுக்கு விக்கற மருந்து, உரக்கடைல வாங்கினது, மேல மஞ்சள் முக்கோணம். முக்கோணத்துல சிவப்பு தான் கொடிய விஷம், அதுக்கு அடுத்த படி மஞ்சள், அப்புறம் நீலம், கடைசில பச்சை. குழந்தைங்க விளையாடற இடத்துல சாயங்காலம் நாலு மணிக்கு அடிச்சிருக்காங்க, ஒரு போர்டு கூட வைக்கல, முன்கூட்டி ஒரு மெசேஜ் கூட போடல.

இதுல எனக்கு எல்லாத்தையும் விட ஆத்திரம் வர்றது இதுக்கு தான், அதை அடிக்க வச்சது யாரை? நம்ம தோட்டக்கார அண்ணனை. பெஸ்ட் கன்ட்ரோல் ஆளுங்க யாரும் வரல. கையில உறை இல்ல, கண்ணுக்கு கண்ணாடி இல்ல, மூக்கைச் சுத்தி ஒரு ஈரத்துண்டு, கால்ல ரப்பர் செருப்பு. முதுகுல டேங்க்கை மாட்டிட்டு காத்துக்கு எதிர்ல அடிச்சுட்டு போறாரு, மூஞ்சில பட்டு துடைச்சுக்கறாரு. முடிச்சுட்டு வந்து கண்ணு எரியுதுங்கம்மான்னு எங்க வீட்டு பைப்புல தான் கழுவினாரு. அன்னைக்கு ராத்திரி வாந்தின்னு அடுத்த நாள் வேலைக்கு வரல, அந்த நாள் சம்பளத்தைப் பிடிச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதோட விதிகளும் மருந்து அடிக்கற ஆளுக்கு பாதுகாப்பு உடை குடுக்கணும்னு சொல்லுது, காசு வாங்கிட்டு இந்த வேலை செய்யற பெஸ்ட் கன்ட்ரோல்காரங்க லைசென்ஸ் வச்சிருக்கணும்னும் சொல்லுது. சிலந்தி கடிச்சு யாரும் ஆஸ்பத்திரிக்கு போகலைங்க. நம்ம முடிவால நிஜமா உடம்பு கெட்டது அவருக்கு தான். சேஃப்டி ஃபர்ஸ்ட்னு எழுதினவங்க அவரோட சேஃப்டியை எந்த இடத்துல வச்சீங்கன்னு எனக்குப் பதில் வேணும்.

அதனால நான் கேக்கறது இது தான். ஒண்ணாம் தேதி அடிக்கறதா இருக்கற அடுத்த ரவுண்டை நிறுத்துங்க, சுவரோரத்து செடியை எடுக்க ஜேசிபி சொல்லியிருந்தா அதை இப்பவே கேன்சல் பண்ணுங்க. பொதுக்குழுவுல வச்சு, ஞாயித்துக்கிழமைல, எல்லாரும் வர முடியற நேரத்துல ஓட்டு எடுக்கற வரைக்கும் ரெண்டுல எதையும் தொடக்கூடாது. அந்த மீட்டிங்குக்கு நம்ம வேளாண் பல்கலைக்கழகத்து பூச்சியியல் துறைல இருந்து ஒருத்தரை சங்கத்தோட லெட்டர்ஹெட்ல முறைப்படி எழுதிக் கூப்பிடுங்க, இதே ஊர்ல பூச்சிகளுக்குன்னு ஒரு மியூசியமே வச்சிருக்காங்க, அவங்களை விட்டுட்டு ஃபார்வர்ட் மெசேஜைக் கேட்டு முடிவு எடுக்கற நிலைமை நமக்கு இல்ல. லெட்டர் எழுத நேரமில்லைன்னா நான் எழுதித் தரேன், நீங்க கையெழுத்து போட்டா போதும்.

சுவரோரத்து ஃப்ளட் லைட்டை ராத்திரி பத்து மணிக்கு மேல அணைக்க டைமர் போடுங்க, பாதுகாப்புக்கு லைட் வேணும்னா கீழ் நோக்கி எரியற மஞ்சள் லைட்டா மாத்துங்க. மழை சீசன் முடியற வரைக்கும் ஜன்னல் வலை அடிக்க விரும்பற வீடுகளுக்கு சங்கமே மொத்தமா ஆளைப் பேசி விலை குறைச்சு வாங்கிக் குடுக்கலாம், மருந்துக்கு ஒதுக்கின காசுல இது அடங்கும். கொசுவுக்கு சம்ப் மூடிகளை மாத்துங்க, மொட்டை மாடி டயரை எடுத்துப் போடுங்க, வாரத்துல ஒரு நாள் யாராவது ரெண்டு பேர் சுத்திப் பாக்கலாம், என் பேரை முதல்ல எழுதிக்கோங்க.

தோட்டக்கார அண்ணனுக்கு பிடிச்ச சம்பளத்தை திருப்பிக் குடுங்க, டாக்டர்கிட்ட காட்டற செலவை சங்கம் ஏத்துக்கணும், இனிமே மருந்து வேலைக்கு அவரை அனுப்பறதில்லைன்னு மினிட்ஸ்ல எழுதணும். எப்பவாவது நிஜமாவே கரையானுக்கோ வேற எதுக்கோ மருந்து தேவைன்னா, என்ன மருந்து, எங்க, எத்தனை மணிக்குன்னு ரெண்டு நாள் முன்னாடியே நோட்டீஸ் போட்டு, லைசென்ஸ் இருக்கறவங்களை வச்சு அந்த இடத்துல மட்டும் அடிங்க, யாருக்கும் ஆட்சேபணை இருக்காது.

கடைசியா, குரூப்ல அந்த ஃபார்வர்டை போட்டது சங்கத்தோட நம்பர்ல இருந்து. அது பொய்னு அதே நம்பர்ல இருந்து ஒரு மறுப்பு போடுங்க, மூணாவது மாடி அம்மாவுக்கு தனியா ஒரு போன் பண்ணி வண்டு விஷயத்தை சொல்லி தோல் டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க, கொப்புளத்துக்கு சரியான மருந்து போட்டா அந்தப் பிள்ளைக்கு நல்லபடியா ஆறும்.

கேன் போட்டோ, தொட்டி போட்டோ, என் பொண்ணோட டாக்டர் சீட்டு எல்லாம் என்கிட்ட இருக்கு, கமிட்டி கேட்டா அன்னைக்கே கொண்டு வரேன். ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி எழுத்துல பதில் வேணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர், சந்தா பாக்கி இல்லாத சங்க உறுப்பினர்